எண் கட்டு, பெயர் எழுது, பிறகு குழி வெட்டு

பேரிடர்ச் சாவுகளில் சடங்கைப் பறிப்பது வெள்ளமோ மண்ணோ இல்லை, நம் அவசரம்தான்

மாசி மகத்தன்று அண்ணாமலையார் திதி கொடுக்கப் புறப்படுவார். திருவண்ணாமலையை அடுத்த பள்ளிகொண்டாப்பட்டில், கௌதம நதிக்கரைக்கு உற்சவர் எழுந்தருள்வார். பிள்ளை இல்லாமல் இறந்த வள்ளாள மகாராஜாவுக்கு மகன் முறையில் சாமியே நீத்தார் கடன் செய்வதாக ஐதீகம். பெரிய கோயிலில் வள்ளாள கோபுரம் நிற்பது அந்த அரசன் பெயரில்தான். சரித்திரத்தில் அவன் ஹொய்சள மன்னன் மூன்றாம் வீர வல்லாளன். 1342 வாக்கில் கண்ணனூர்ப் பக்கம் நடந்த போரில் மதுரை சுல்தானிடம் பிடிபட்டுக் கொல்லப்பட்டான். தோலை உரித்து, வைக்கோல் திணித்து, மதுரைக் கோட்டைச் சுவரில் தொங்கவிட்டிருந்ததைப் பார்த்ததாக இபின் பதூதா எழுதி வைத்திருக்கிறார். செத்த உடலைச் சிதைக்கக் கூடாது என்பது அந்த சுல்தானின் மார்க்கம் சொல்வதும்கூட. அதை அவன் கேட்கவில்லை.

உடலும் உருப்படியாக வந்து சேராத, கொள்ளி வைக்கவும் ஆளில்லாத ஒருவனுக்கு வருடம் தவறாமல் காரியம் செய்கிற ஊர் இது. 2024 டிசம்பர் முதல் வாரத்தில் இந்த ஊருக்கு வந்த சோதனையை அதை மனதில் வைத்துக்கொண்டுதான் பார்க்க வேண்டும்.

அந்த வாரம் ஃபெஞ்சல் புயல் கரை கடந்த வேகத்தில் வட மாவட்டங்களைப் புரட்டிப் போட்டது. விழுப்புரம் மாவட்டம் மயிலத்திலும் கிருஷ்ணகிரி மாவட்டம் ஊத்தங்கரையிலும் ஒரே நாளில் 50 சென்டிமீட்டர் அளவுக்கு மழை கொட்டியது. டிசம்பர் 1, ஞாயிற்றுக்கிழமை மாலை, அண்ணாமலை மலைச்சரிவிலிருந்து மண்ணும் பாறையும் இறங்கி அடிவாரத்து வ.உ.சி. நகரில் ஒரு வீட்டை மூடிவிட்டது. உள்ளே 7 பேர். அதில் 5 பேர் குழந்தைகள். சந்து குறுகல், மேலே இன்னும் பாறை தொங்கிக்கொண்டிருந்தது, பெரிய இயந்திரத்தைக் கொண்டு போக முடியவில்லை. தேசியப் பேரிடர் மீட்புப் படையினரும் தீயணைப்பு வீரர்களும் மோப்ப நாயோடு ஏறி, மண்வெட்டியாலும் கையாலும் தோண்டினார்கள். மறுநாள் மாலையிலிருந்து அதற்கடுத்த நாள் வரை ஒவ்வொரு உடலாகத்தான் வெளியே வந்தது. டிசம்பர் 4ஆம் தேதி கார்த்திகை தீபத் திருவிழாவுக்குக் கொடியேற்றம். ஒரு பக்கம் பிணவறை வாசல், இன்னொரு பக்கம் கொடிமரம். வேங்கிக்காலில் உள்ள மாவட்ட ஆட்சியர் அலுவலகம்தான் இரண்டு வேலைகளையும் பார்க்க வேண்டியிருந்தது.

7 என்பது சிறிய எண்ணிக்கை என்று யாரும் சொல்லத் துணிய மாட்டார்கள். ஆனாலும் நிர்வாகக் கண்ணில் பார்த்தால், இறந்தவர்கள் யார் என்பது தெரிந்திருந்தது. சொந்தக்காரர்கள் வாசலில் நின்றார்கள். எந்த உடல் யாருடையது என்ற குழப்பத்துக்கு இடம் குறைவு. இதே மலையடிவாரத்தில் தீபத்தன்றும் பௌர்ணமியன்றும் 14 கிலோமீட்டர் கிரிவலப் பாதையில் லட்சக்கணக்கில் கூடுகிறார்கள். ஆந்திரத்திலிருந்து, கர்நாடகத்திலிருந்து, கடல் தாண்டியும் வருகிறார்கள். அப்படியொரு நாளில் மலை சரிந்தால்? பேசப் பயமாக இருக்கிறது என்பதற்காகப் பேசாமல் இருக்கக் கூடாது. அந்த வருடம் தீபத்துக்கு, நில ஆய்வு வல்லுநர்கள் பார்த்துச் சொன்ன பிறகு, பக்தர்களை மலையேற விடவில்லை. அது உயிரோடு இருப்பவர்களுக்கான முன்யோசனை. இறந்துவிட்டவர்களுக்கான முன்யோசனை என்று ஒன்று உண்டு. இந்தக் கட்டுரை அதைப் பற்றியது.

"நோய் பரவும்" என்ற பூச்சாண்டி

2004 டிசம்பர் 26, ஞாயிறு காலை. கிறிஸ்துமஸுக்கு மறுநாள். வேளாங்கண்ணியில் வெளியூர்க் கூட்டம். நாகப்பட்டினம் மாவட்டத்தில் மட்டும் சுனாமி 6,000 பேருக்கு மேல் கொண்டு போனது. தமிழ்நாடு முழுக்க ஏறக்குறைய 8,000. தஞ்சாவூர் ஆட்சியராக இருந்த ஜெ.ராதாகிருஷ்ணன் நாகைக்கு அனுப்பப்பட்டு, பிறகு அங்கேயே ஆட்சியரானார். உடல்கள் கடற்கரையில், கருவேலங்காட்டில், படகுக்கடியில் கிடந்தன. ஜேசிபி வந்தது. குழி வெட்டினார்கள். இந்து, முஸ்லிம், கிறிஸ்தவர் என்ற பேச்சில்லை. ஆண், பெண் பேச்சில்லை. பல குழிகளில் யார் கிடக்கிறார்கள் என்ற கணக்கும் இல்லை. படம் எடுத்து வைக்க முடிந்தவர்கள் எடுத்து, ஆஸ்பத்திரிப் பலகையில் ஒட்டினார்கள். அந்தப் படங்களுக்கு முன்னால் நாள் கணக்கில் நின்றவர்கள் உண்டு. வீங்கிய முகத்தில் பெற்ற பிள்ளையை அடையாளம் காண முடியாமல் திரும்பியவர்களும் உண்டு.

அந்த அவசரத்துக்குச் சொல்லப்பட்ட காரணம் ஒன்றுதான்: பிணம் கிடந்தால் காலரா வரும், கொள்ளை நோய் பரவும். வெயில், நாற்றம், ஈ எல்லாம் சேர்ந்து எல்லோரையும் நம்ப வைத்தன. நம்பியதில் தப்பில்லை. ஆனால் அது உண்மையில்லை.

உலக சுகாதார நிறுவனமும் பன்னாட்டுச் செஞ்சிலுவைச் சங்கமும் அமெரிக்க நாடுகளின் சுகாதார அமைப்பும் சேர்ந்து, சுனாமியில் பட்ட பாட்டுக்குப் பிறகு, 2006இல் ஒரு கையேடு போட்டன. களத்தில் முதலில் இறங்குபவர்களுக்கான கையேடு. 2016இல் இரண்டாம் பதிப்பும் வந்தது. அது சொல்லும் முதல் சேதியே இதுதான். வெள்ளத்திலும் நிலநடுக்கத்திலும் மண்சரிவிலும் இறப்பவர்கள் அடிபட்டோ மூழ்கியோ தீயில் கருகியோ இறக்கிறார்கள். தொற்று நோயால் இறப்பதில்லை. சாகும்போது உடம்பில் கொள்ளை நோய்க் கிருமி இல்லாதவரிடமிருந்து கொள்ளை நோய் எப்படிப் புறப்படும்? உடலைத் தூக்குகிறவர்களுக்குக் காசநோய், மஞ்சள் காமாலை, வயிற்றுப்போக்கு ஆகியவற்றின் சிறு ஆபத்து உண்டு. அதற்குக் கையுறையும் பூட்ஸும் சோப்பும் போதும். குடிநீரில் உடல் கிடந்தால் அதை முதலில் அப்புறப்படுத்த வேண்டும். காலராவிலோ எபோலாவிலோ இறந்தவர்களுக்கு வேறு விதி. மற்றபடி, பொதுமக்களுக்கு ஆபத்து என்று சொல்லி ஒரே குழியில் தள்ளவும் மொத்தமாகக் கொளுத்தவும் காரணமே கிடையாது.

நம்முடைய தேசியப் பேரிடர் மேலாண்மை ஆணையமும் 2010 ஆகஸ்டில் இறந்தவர்களைக் கையாள்வதற்கென்றே தனி வழிகாட்டி நெறிமுறைகளை வெளியிட்டிருக்கிறது. மதம், சமூகம், பண்பாடு சார்ந்த வழக்கங்களை மதிக்க வேண்டும் என்பது அதில் வெளிப்படையாகவே இருக்கிறது. காகிதத்தில் குறை இல்லை. மழை பெய்கிற ராத்திரியில் அந்தக் காகிதம் எத்தனை தாசில்தாருக்கு நினைவு வரும் என்பதுதான் கேள்வி.

அரைஞாணும் தாயத்தும்

மண்ணிலிருந்து ஓர் உடலை எடுக்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். சேறு காய்ந்து முகத்தில் அப்பியிருக்கிறது. முதல் காரியம் கழுவுவதும் இல்லை, மூடுவதும் இல்லை. ஓர் எண். எங்கே, எந்தத் தேதியில், எத்தனையாவது உடல் என்று சொல்லும் எண். தண்ணீரில் அழியாத மையில் எழுதி, நீர் புகாத உறையில் போட்டு, உடலின் மணிக்கட்டிலோ கணுக்காலிலோ கட்ட வேண்டும். அதே எண்ணை உடலைப் போடும் பையிலும் எழுத வேண்டும். அதே எண் தெரியும்படி முகத்தைப் படம் எடுக்க வேண்டும். முழு உடல், உடுப்பு, மச்சம், தழும்பு, பச்சை குத்தியது எல்லாவற்றையும் படம் எடுக்க வேண்டும். நம் ஊர் வெயிலில் 12 மணி நேரத்திலிருந்து 48 மணி நேரத்துக்குள் முகம் அடையாளம் தெரியாமல் போய்விடும். அந்த எண்ணும் படமும் அதற்குள் நடந்துவிட வேண்டும். மதச் சடங்கு சற்றுக் காத்திருக்கலாம். முகம் காத்திருக்காது.

அடுத்து உடம்பில் இருப்பவை. தமிழ்நாட்டில் ஓர் உடம்பு தன் கதையை நிறையச் சொல்லும். இடுப்பில் அரைஞாண் கயிறு கறுப்பா, சிவப்பா, வெள்ளியா? கழுத்தில் பொட்டுத்தாலியா, சிலுவைத்தாலியா, கருகமணியா? கால் விரலில் மெட்டி ஒன்றா, இரண்டா? புஜத்தில் தாயத்து, பையில் செபமாலை, மடியில் விபூதிப் பொட்டலம். அடையாளம் காண இவைதான் சாட்சி. குடும்பத்துக்கோ இவை சாமி சமாச்சாரம். கழற்றிச் சட்டியில் போட்டு ஒன்றாகக் குவித்துவிட்டால் சாட்சியும் போயிற்று, மரியாதையும் போயிற்று. உடலோடு, உடலின் எண்ணோடு, ஒரே உறையில் இருக்க வேண்டும்.

ஆனால் இதை வைத்து மதத்தை முடிவுகட்டப் போனால் நம் ஊரில் சறுக்கும். நாகூர் தர்காவில் மந்திரித்துக் கட்டிய கயிறு எத்தனை இந்துக் குழந்தைகளின் கையில் இருக்கிறது? வேளாங்கண்ணிக்குக் காவி உடுத்தி நடந்து போகிறவர்களில் எத்தனை பேர் வீட்டில் மாரியம்மன் படம் இருக்கிறது? மாதா பதக்கம் போட்டவரெல்லாம் கிறிஸ்தவர் ஆகிவிட மாட்டார். தமிழ் உடம்பில் சாமிகள் கலந்து கிடக்கிறார்கள். இது நம் பெருமை. பிணவறையில் இதுவே சிக்கல்.

அப்படியானால் யாரென்றே தெரியாத உடலை என்ன செய்வது? எரிப்பதா, புதைப்பதா? கையேட்டின் பதில் தெளிவு: புதை. ஒவ்வொருவரையும் தனியாக, ஒருவர் மேல் ஒருவர் வைக்காமல், வரிசையாக, எண்ணோடு புதை. வரைபடத்தில் குறித்து வை. மரபணு மாதிரி எடுத்து வை. இதில் எந்த மதத்துக்கும் ஓரவஞ்சனை இல்லை. புதைத்ததைத் திரும்ப எடுக்கலாம். நாளை சொந்தக்காரர் வந்தால் தோண்டிக் கொடுக்கலாம், அவர்கள் எரித்துக்கொள்ளட்டும். எரித்துவிட்ட ஒரு முஸ்லிம் உடலை யாராலும் திருப்பித் தர முடியாது. அதோடு, புதைப்பது இந்துக்களுக்கு அந்நியம் என்பது பாதி உண்மைதான். தமிழ்நாட்டில் எத்தனையோ சாதிகளில் அடக்கம்தான் வழக்கம். குழந்தை இறந்தால் எரிக்காமல் புதைக்கிற குடும்பங்கள் ஏராளம். திருவண்ணாமலைக்காரர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம்: 1929இல் சேஷாத்ரி சுவாமிகள், 1950இல் ரமண மகரிஷி, 2001இல் யோகி ராம்சுரத்குமார் என்று மூன்று பேரையும் மண்ணில் வைத்துத்தான் இந்த ஊர் வணங்குகிறது.

ராஜமலையும் புத்துமலையும்

2020 ஆகஸ்ட் 6 இரவு, கேரளத்தில் மூணாறை அடுத்த பெட்டிமுடியில் மலை சரிந்து தேயிலைத் தோட்டத் தொழிலாளர்களின் லயங்களை, அதாவது வரிசை வீடுகளை, மூடியது. 70 பேர். எல்லோரும் தமிழர்கள், பெரும்பாலோர் தூத்துக்குடி மாவட்டம் கயத்தாறு பக்கம் வேர் உள்ளவர்கள். 66 உடல்கள் கிடைத்தன. 4 பேர் கிடைக்கவே இல்லை. கொரோனா காலம். ஊரிலிருந்து சொந்தபந்தம் எல்லை தாண்டி வரவே ஈ-பாஸ் வேண்டும். ராஜமலையில் தோட்ட நிலத்தில் பெரிய குழிகள் வெட்டி, வரிசையாக அடக்கம் செய்தார்கள். நீர்மாலை எடுக்கவோ கோடி போடவோ வாய்க்கரிசி போடவோ பலருக்கு ஆள் வரவில்லை. ஒரு சாவுக்கு ஊரே திரண்டு வரும் வழக்கமுள்ள மனிதர்கள், ஊரே ஒன்றாகச் செத்தபோது அப்படிப் போனார்கள். தமிழ்நாட்டில் பெட்டிமுடியை நாம் சீக்கிரம் மறந்துவிட்டோம் என்றே எனக்குத் தோன்றுகிறது.

நான்கு வருடம் கழித்து, 2024 ஜூலை 30 விடியற்காலை, வயநாட்டில் முண்டக்கையும் சூரல்மலையும் போயின. உடல்களைச் சாலியாறு நிலம்பூர் வரை இழுத்துக்கொண்டு போனது. முழு உடலாகக் கிடைத்தவர் பாதி, துண்டாகக் கிடைத்தவர் பாதி. இங்கே கேரள அரசு செய்ததை ஒவ்வொரு மாவட்ட நிர்வாகமும் பார்த்துக் கற்க வேண்டும் என்பேன். அடையாளம் தெரியாதவர்களை அடக்கம் செய்யப் புத்துமலையில் ஹாரிசன்ஸ் மலையாளம் தோட்ட நிலத்தை எடுத்தார்கள். அந்தப் புத்துமலையே 2019இல் சரிந்த ஊர். ஒவ்வொரு உடலுக்கும், ஒவ்வொரு உடல் பாகத்துக்கும், தனிக் குழி. தலைமாட்டில் எண் எழுதிய கல். எடுத்து வைத்த மரபணு மாதிரிக்கும் அதே எண். குழியில் இறக்கும் முன் எல்லா மதத்தவரும் வந்து அவரவர் முறையில் பிரார்த்தனை செய்தார்கள். உள்ளே இருப்பவர் எந்த மதம் என்று யாருக்கும் தெரியாது. ஆகவே எல்லா மதமும் அவருக்காக வேண்டிக்கொண்டது. பிறகு மரபணு முடிவு வர வர, எண் இருந்த இடத்தில் பெயர் வந்தது. ஒரே மனிதர் ஒன்றுக்கு மேற்பட்ட குழிகளில் இருப்பதும் அப்போதுதான் தெரிந்தது.

எண் என்றால் அவமரியாதை, கைதிக்குப் போடுவது போல என்று சிலர் முகம் சுளிப்பார்கள். புத்துமலையைப் பார்த்த பிறகு அப்படிச் சொல்ல மாட்டார்கள். அந்த எண்தான் பெயருக்குப் போகிற ஒரே வழி. பெயர் வந்தால்தான் குலம், கோத்திரம், ஜமாஅத், பங்கு எல்லாம் வரும். சடங்குக்கு முந்திய சடங்கு அது.

இதில் பிசகினால் என்ன ஆகும் என்பதற்கு ஒடிசாவின் பாலசோர் இருக்கிறது. 2023 ஜூன் 2ஆம் தேதி சென்னைக்கு வந்துகொண்டிருந்த கோரமண்டல் எக்ஸ்பிரஸ் விபத்துக்குள்ளானது. 290 பேருக்கு மேல் இறந்தார்கள். பக்கத்துப் பஹநாகா பள்ளிக்கூட வகுப்பறைகளில் உடல்களை வரிசையாகக் கிடத்தினார்கள். பிறகு பிள்ளைகள் அந்த அறைகளுக்குள் போகப் பயப்பட்டதால் கட்டடத்தையே இடித்தார்கள். முகத்தைப் பார்த்து, சட்டையைப் பார்த்து உடல்களைக் கொடுத்ததில் ஒருவர் உடல் இன்னொருவர் வீட்டுக்குப் போயிற்று. யாரோ ஒருவரின் பிள்ளைக்கு வேறு யாரோ கொள்ளி வைத்தார்கள். கடைசியில் கேட்பாரற்ற 28 உடல்களை அந்த வருடம் அக்டோபரில் புவனேஸ்வர் மாநகராட்சி எரியூட்டியது.

மதம் வளையும்

அதிகாரிகள் மதத்தைக் கண்டு பயப்படுகிறார்கள். "இவர்களைக் கூப்பிட்டால் ஆயிரம் சாங்கியம் சொல்லி நேரத்தை இழுப்பார்கள்" என்ற நினைப்பு. உண்மையில் மதங்கள் பேரிடர்களைப் பார்த்துப் பழகியவை. அவசரத்துக்கென்று அவை தனிச் சட்டமே வைத்திருக்கின்றன.

முஸ்லிம்கள் ஜனாஸாவை, அதாவது இறந்தவரின் உடலை, குளிப்பாட்ட வேண்டும், கபன் துணி இட வேண்டும், தொழ வேண்டும், மக்கா திசையான கிப்லாவை நோக்கி அடக்க வேண்டும். தண்ணீர் பட்டால் உடல் சிதையும் என்றால், மண்ணைக் கொண்டு தூய்மை செய்யும் தயம்மும் போதும். உஹது போரில் இறந்தவர்களை இரண்டு மூன்று பேராக ஒரே கப்ரில், அதாவது ஒரே குழியில், வைத்த முன்னுதாரணமே இருக்கிறது. உடலே இல்லையென்றாலும் காயிப் ஜனாஸா தொழுவார்கள். உடல் கிடைக்காத இந்துக்குத் தர்ப்பையாலோ புரச இலையாலோ உருவம் செய்து எரியூட்டும் வழி சாஸ்திரத்தில் உண்டு. அகால மரணத்துக்கு நாராயண பலி உண்டு. பாதிரியார் வந்து சேர முடியாவிட்டால் கல்லறையைப் பின்னால் மந்திரித்துக்கொள்ளலாம். ஆக, ஹஜ்ரத்தையும் குருக்களையும் பங்குத் தந்தையையும் கூப்பிட்டு நிலைமையைச் சொன்னால், "இவ்வளவு போதும்" என்று அவர்களே சுருக்கித் தருவார்கள். அந்தச் சுருக்கத்தைக் குடும்பமும் ஏற்கும், ஏனென்றால் சொன்னது அவர்களின் ஆள். அதையே வருவாய் ஆய்வாளர் சொன்னால் கலவரம்.

மேற்கு ஆப்பிரிக்காவில் 2014இல் எபோலா பரவியபோது இது பெரிய அளவில் நிரூபணமானது. உடலைத் தொட்டுக் கழுவுவதால் நோய் பரவியது நிஜம். அதனால் வெள்ளை உடுப்பு ஆட்கள் வந்து உடலைப் பறித்துக்கொண்டு போனார்கள். மக்கள் பிணத்தை ஒளித்தார்கள், ராத்திரியில் புதைத்தார்கள், நோய் இன்னும் பரவியது. பிறகுதான் உலக சுகாதார நிறுவனம் மதத் தலைவர்களை உட்கார வைத்துப் பேசி, பாதுகாப்பும் கண்ணியமும் சேர்ந்த அடக்கம் என்று புது முறை வகுத்தது. குடும்பம் தள்ளி நின்று பார்க்கலாம், பிரார்த்தனை செய்யலாம், கபன் கேட்கலாம். எதிர்ப்பு இறங்கியது.

மறுபக்கத்தை நம் பக்கத்து நாடு காட்டியது. 2020 ஏப்ரல் 11ஆம் தேதி வர்த்தமானியில், கொரோனாவில் இறந்தவர்களை எரித்தே ஆக வேண்டும் என்று இலங்கை அரசு விதித்தது. புதைத்தாலும் எரித்தாலும் சரி என்றுதான் உலக சுகாதார நிறுவனம் சொல்லியிருந்தது. நிலத்தடி நீரில் கிருமி இறங்கும் என்று கொழும்பில் ஒரு காரணம் கண்டுபிடித்தார்கள். அந்த டிசம்பரில் பிறந்து 20 நாளே ஆன ஒரு முஸ்லிம் குழந்தையை, பெற்றோரின் சம்மதம் இல்லாமலே எரித்தார்கள். பொரளை கனத்தை மயான வேலியில் ஜனங்கள் வெள்ளைத் துணிகளைக் கட்டிவிட்டுப் போனார்கள், கபனின் அடையாளமாக. 2021 பிப்ரவரி 25இல்தான் விதியைத் தளர்த்தினார்கள். அப்போதும் எங்கே புதைப்பது என்ற இழுபறி. தமிழ்க் கத்தோலிக்க மீனவர்கள் வாழும் இரணைதீவு என்றார்கள். அங்கே எதிர்ப்பு எழுந்தது. கடைசியில் மட்டக்களப்பு மாவட்டம் ஓட்டமாவடி. அதற்குள் 276 முஸ்லிம்களின் உடல்கள் எரிக்கப்பட்டுவிட்டன. 2024 ஜூலையில் இலங்கை அமைச்சரவை மன்னிப்புக் கேட்டது. சாம்பலிடம் மன்னிப்புக் கேட்டு என்ன பயன்?

நாமும் யோக்கியர்கள் இல்லை. அதே 2020 ஏப்ரலில் சென்னையில் கொரோனாவால் இறந்த ஒரு நரம்பியல் அறுவை மருத்துவரின் உடலோடு வந்த ஆம்புலன்ஸைக் கல்லால் அடித்து விரட்டினோம். அவசர அவசரமாக வேறு மயானத்தில் புதைத்தார்கள். அடக்கத்தைத் தடுப்போருக்கு ஓராண்டு முதல் மூன்றாண்டு வரை சிறை என்று தமிழக அரசு அவசரச் சட்டம் கொண்டு வந்தது அதன் பிறகுதான். தன் கணவர் கேட்ட கீழ்ப்பாக்கம் கல்லறையிலேயே அவரை அடக்க வேண்டும் என்று மனைவி வழக்காடினார். 2021 மார்ச்சில் சென்னை உயர் நீதிமன்றம் தோண்டி எடுத்து மறு அடக்கம் செய்ய உத்தரவிட்டது. எரித்திருந்தால் அந்த வழக்கே இருந்திருக்காது. மரபுப்படியான அடக்கம் அரசியல் சாசனத்தின் 21ஆவது பிரிவுக்குள் வரும் என்று மதுரைக் கிளை 2007இலேயே, மலேசியாவிலிருந்து உடல் கொண்டு வருவது தொடர்பான ஒரு வழக்கில் சொல்லிவிட்டது.

தூக்கியவர்கள்

ஒரு விஷயம் எந்தக் கூட்டத்திலும் பேசப்படுவதில்லை. சுனாமியின்போது நாகப்பட்டினத்தில் உடல்களைத் தூக்கியவர்கள் யார்? நாகூரிலும் நாகையிலும் தமுமுக (தமிழ்நாடு முஸ்லிம் முன்னேற்றக் கழகம்) இளைஞர்கள் இறங்கினார்கள்; சேவாபாரதித் தொண்டர்கள் இறங்கினார்கள்; எந்தக் கொடி என்று பிணம் கேட்கவில்லை. அவர்களோடு, வெளியூர் நகராட்சிகளிலிருந்து லாரியில் ஏற்றி வரப்பட்ட துப்புரவுப் பணியாளர்கள். பெரும்பாலும் தலித்துகள். பலருக்குக் கையுறையே இல்லை. இறந்தவரின் மதத்தை மதிக்க வேண்டும் என்று பேசுகிற நாம், தூக்குகிறவருக்கும் ஒரு நம்பிக்கை உண்டு, அவருக்கும் தலைமுழுக்கு உண்டு, வீட்டுக்குள் போகும் முன் குளிக்க வேண்டும் என்று நினைத்தோமா? குளிக்கத் தண்ணீர், மாற்றுத் துணி, இரண்டு நாள் ஓய்வு, பேச ஒரு மனிதர். இவ்வளவும் இல்லாமல் சாவெடுக்கிற வேலையை ஒரே சாதியின் தலையில் கட்டிவிட்டு மத நல்லிணக்கம் பேசுவது எனக்கு ஒட்டவில்லை.

பிரேதப் பரிசோதனை பற்றியும் ஒரு வார்த்தை. சூரியன் மறைந்த பிறகு போஸ்ட்மார்ட்டம் இல்லை என்ற பழைய வழக்கத்தை மத்திய சுகாதார அமைச்சகம் 2021 நவம்பரில் தளர்த்தியது. வெளிச்சமும் வசதியும் இருந்தால், கொலை, தற்கொலை போன்ற சந்தேகம் இல்லாவிட்டால், இரவிலும் செய்யலாம். அன்றே அடக்க வேண்டும் என்கிற முஸ்லிம் குடும்பத்துக்கு இது பெரிய ஆறுதல். 2025 செப்டம்பர் 27இல் கரூர் நெரிசலில் 41 பேர் இறந்தபோது, இரவோடு இரவாகப் பரிசோதனை நடந்ததையே அரசியலாக்கினார்கள். ஏன் இரவில் செய்கிறோம் என்று முன்கூட்டியே ஊருக்குச் சொல்லி வைத்திருந்தால் பாதிச் சந்தேகம் எழுந்திருக்காது.

உடல் கிடைக்காதவர்களின் குடும்பம் இன்னொரு நரகம். காணாமல் போனவர் 7 வருடம் கழித்துத்தான் இறந்தவராகக் கருதப்படுவார் என்கிறது சாட்சியச் சட்டம். இறப்புச் சான்றிதழ் இல்லையென்றால் இன்ஷூரன்ஸ் இல்லை, பட்டா மாற்றம் இல்லை. அதைவிட, பதினாறாம் நாள் காரியம் செய்வதா வேண்டாமா என்பதே தெரியாது. தாலியைக் கழற்றுவதா, வைத்திருப்பதா? சுனாமிக்குப் பிறகு தனி ஆணை போட்டு இதைத் தீர்த்தார்கள். வயநாட்டில் காணாமல் போனவர்களை இறந்தவர்களாக அறிவிக்க 2025 ஜனவரியில் கேரள அரசு முடிவெடுத்தது. சட்டம் சொல்கிற அந்த ஒரு வரிக்காகத்தான் சடங்கும் காத்திருக்கிறது.

வேளாங்கண்ணியில் சுனாமியில் இறந்தவர்களை மொத்தமாகப் புதைத்த இடத்தில் நினைவுத்தூண் நிற்கிறது. டிசம்பர் 26 வந்தால் பேராலயத்திலிருந்து ஊர்வலமாகப் போய் மூன்று மதத்தாரும் பிரார்த்திக்கிறார்கள். நல்ல காரியம். ஆனால் அது பிராயச்சித்தம். முதலிலேயே எண் கட்டியிருந்தால் அந்தத் தூணுக்கு அடியில் இருக்கிற பலருக்கு வீட்டிலேயே திதி நடந்திருக்கும்.

வேங்கிக்கால் ஆட்சியர் அலுவலகத்தில் திங்கள்கிழமைதோறும் மக்கள் குறைதீர்வு நாள். பட்டா, பென்ஷன், குடிநீர் என்று மனுக்கள் குவியும். வடகிழக்குப் பருவமழைக்கு முன்னால், தீபக் கூட்டம் சேருவதற்கு முன்னால், திருவண்ணாமலைக்காரர்கள் யாராவது இன்னொரு மனுவும் எழுத வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். மாவட்டத்தில் எத்தனை உடல்களைக் குளிரில் வைக்க முடியும், குளிர்சாதன லாரி யாரிடம் வாடகைக்குக் கிடைக்கும், எண் எழுதிய பட்டையும் நீர் புகா உறையும் எந்த தாலுகா அலுவலகத்தில் இருக்கிறது, தனித்தனியாகப் புதைக்க எந்தப் புறம்போக்கு நிலம், எந்தப் பள்ளிவாசல், எந்தச் சபை, எந்தப் பங்கு, எந்தக் கோயிலிலிருந்து யாரை எந்த நம்பரில் கூப்பிடுவது, தூக்குகிற பணியாளருக்குக் கையுறையும் குளிக்கத் தண்ணீரும் எங்கே என்று அந்த மனுவில் கேளுங்கள். ரசீது வாங்கிக்கொள்ளுங்கள். பதில் வராவிட்டால் அடுத்த திங்களும் போங்கள்.